வெளிச்சத்தை மாற்றினால் புற்று தெரிந்துவிடுமா?

உணவுப்பாதைப் புற்றுநோயை முளையிலேயே காட்டும் புதிய எண்டோஸ்கோபி முறைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் இரைப்பை–குடல் மருத்துவக் குழு பதில் சொல்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: அப்பாவுக்கு வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் 'என்.பி.ஐ. செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. கதிர்வீச்சு ஏதும் கொடுத்தார்களா? பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

ப: பயம் வேண்டாம். ஊசி, சாயம், கதிர்வீச்சு எதுவும் இதில் கிடையாது. எண்டோஸ்கோப் கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் வெள்ளை வெளிச்சம் போய், 415 நானோமீட்டரை ஒட்டிய நீலமும் 540-ஐ ஒட்டிய பச்சையும் மட்டும் வரும். இன்னொரு முறை அழுத்தினால் பழைய வெளிச்சம் வந்துவிடும். நேரோ பேண்ட் இமேஜிங் என்பதன் சுருக்கம்தான் என்.பி.ஐ. ஜப்பானின் கஷிவா நகரில் உள்ள தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனையும் ஒலிம்பஸ் நிறுவனமும் 1999 வாக்கில் சேர்ந்து தொடங்கிய வேலை இது. ரிப்போர்ட்டில் அந்த வரி இருந்தால், சந்தேகமான இடத்தை இன்னொரு வெளிச்சத்திலும் பார்த்தார்கள் என்று பொருள். புற்று இருக்கிறது என்று பொருள் இல்லை.

கே: நீலமும் பச்சையும் அடித்தால் திரையில் பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? இயற்பியல் படிக்கும் எனக்கு இது புரியவில்லை.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ப: நல்ல கேள்வி. அந்தப் பழுப்பு உடம்பில் இல்லை, திரையில்தான் இருக்கிறது.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் ஒளியை மிக அதிகமாக விழுங்கும் இடம் 415-ஐ ஒட்டியது. அதற்கு அடுத்த மேடு 540-ஐ ஒட்டியது. நீல ஒளி உணவுப்பாதையின் உட்சவ்வுக்குள் ஆழமாகப் போகாது, மேலாகவே சிதறித் திரும்பிவிடும். பச்சை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கும். ஆகவே இரண்டு கறுப்பு–வெள்ளைப் படங்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீலப் படத்தில் மேற்பரப்பு ரத்த நுண்குழாய்கள் கறுப்புக் கோடுகளாக இருக்கும். பச்சைப் படத்தில் அடியில் ஓடும் தடித்த குழாய்கள் கறுப்பாக இருக்கும்.

இனி கணினியின் வேலை. நீலப் படத்தைத் திரையின் நீலம், பச்சை ஆகிய இரண்டு வழிகளுக்கும், பச்சைப் படத்தைச் சிவப்பு வழிக்கும் அனுப்புகிறது. மேற்பரப்பு நுண்குழாய் இருக்கும் புள்ளியில் நீலமும் பச்சையும் குறைந்து சிவப்பு மிஞ்சுவதால் அது பழுப்பாகத் தெரிகிறது. ஆழத்துக் குழாயில் சிவப்பு குறைவதால் அது பசுநீலமாகத் தெரிகிறது. புற்று முளைக்கும் இடத்தில் மேற்பரப்பு நுண்குழாய்கள் பெருத்து நெருங்கிவிடுவதால் அந்த இடமே ஒரு பழுப்புத் திட்டாகக் கண்ணில் படும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பித்தநீர் இந்த வெளிச்சத்தில் ரத்தம் போலச் சிவந்து தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் 'ரத்தக் கசிவு' என்று பதறுவதுண்டு. பொத்தானை அழுத்தி வெள்ளை வெளிச்சத்துக்கு மாறினால் அது மஞ்சளாகிவிடும்.

கே: போன இதழ்க் கட்டுரையில் உணவுக்குழாய்க்கு '97-க்கு 55' என்றும், இரைப்பைக்கு '2.3-க்கு 1.9' என்றும் இருந்தது. ஒரே வெளிச்சம் ஓரிடத்தில் அற்புதம் செய்துவிட்டு இன்னோரிடத்தில் ஏன் சும்மா இருக்கிறது?
– மருத்துவ மாணவி, தஞ்சாவூர்

ப: இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம். எண்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாமல் இருந்ததைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்ணில் பட்டது புற்றா இல்லையா என்று இனம் பிரிப்பது வேறு வேலை. எந்த ஆய்வு எந்த வேலையை அளந்தது என்று பார்க்காமல் சதவிகிதங்களை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

97-க்கு 55 என்பது முதல் வேலை. ஜப்பானில் பல மருத்துவமனைகளில் 320 பேரிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதலில் வெள்ளை வெளிச்சத்திலும் பிறகு என்.பி.ஐ.யிலும், மற்றவர்களுக்கு வரிசையை மாற்றியும் பார்த்தார்கள். உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளில் என்.பி.ஐ. காட்டியது 97 சதவிகிதம், வெள்ளை வெளிச்சம் காட்டியது 55 சதவிகிதம். தொண்டைப் பகுதியில் இது 100-க்கு 8. எட்டே எட்டு! ஆனால் அந்த 320 பேரும் ஏற்கெனவே உணவுக்குழாயில் ஸ்குவாமஸ் வகைப் புற்று (உட்பூச்சின் தட்டைச் செல்களில் தொடங்குவது) உள்ளவர்கள். புகையும் மதுவும் தொண்டையிலிருந்து உணவுக்குழாய் முழுக்கவும் கெடுத்து வைத்திருக்கும் என்பதால், அவர்களிடம் இரண்டாவது புற்று இருக்க வாய்ப்பு அதிகம். தெருவில் போகும் யாருக்கோ இந்த எண்ணைப் பொருத்தக் கூடாது.

உணவுக்குழாயில் இது ஏன் பலித்தது? அது குறுகலான குழாய், சுவர் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் போதும். சவ்வும் வெளிறிய, ஒரே சீரான விரிப்பு. அதில் ஒரு பழுப்புத் திட்டு வெள்ளை வேட்டியில் காப்பிக் கறை மாதிரி நிற்கும்.

இரைப்பை அப்படி இல்லை. காற்று ஊதி விரித்தால் பெரிய பை. வெள்ளை ஒளியின் பெரும்பகுதியை வடிகட்டிவிட்டு மிச்சத்தை வைத்துத் தூரத்துச் சுவரைப் பார்ப்பதால் பழைய கருவிகளில் இருட்டிக்கொண்டுவிடும். சரி, வெளிச்சம் கூட்டிய இரண்டாம் தலைமுறைக் கருவி வந்தபின்? அதையும் சோதித்தார்கள். அதுதான் 2021-இல் வந்த 4,523 பேரின் ஆய்வு. ஆரம்ப நிலை இரைப்பைப் புற்று வெள்ளை வெளிச்சத்தில் 1.9 சதவிகிதம் பேரிடமும், என்.பி.ஐ.யில் 2.3 சதவிகிதம் பேரிடமும் கிடைத்தது. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் இது. இருட்டு மட்டும் காரணமாக இருந்திருந்தால் இங்கே பெரிய மாற்றம் வந்திருக்க வேண்டும். எச். பைலோரி கிருமியால் வருடக்கணக்காக அழற்சியில் இருந்த இரைப்பையின் சவ்வே திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். காப்பிக் கறையைப் பூப்போட்ட சேலையில் தேடுகிற கதை.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'இது புற்றாக இருக்கலாம்' என்று சொன்ன இடங்களில் உண்மையிலேயே புற்றானவை வெள்ளை வெளிச்சத்தில் 13.5 சதவிகிதம், என்.பி.ஐ.யில் 20.9. அதாவது இனம் பிரிக்கும் வேலையில் என்.பி.ஐ. முந்துகிறது.

அந்த இரண்டாவது வேலையை மட்டும் தனியாக அளந்தது 2011-இல் வந்த இன்னொரு ஜப்பானிய ஆய்வு. 10 மி.மீ.க்கு உட்பட்ட, குழிவான இரைப்பைப் புண்கள் 353 பேரிடம். புற்றைப் புற்று என்று சரியாகச் சொன்ன விகிதம் வெள்ளை வெளிச்சத்தில் 40, பெரிதாக்கிய என்.பி.ஐ.யில் 60. முதலில் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உடனே பெரிதாக்கிய என்.பி.ஐ.யிலும் பார்த்தால் 95. ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை, துணை. எங்களைக் கேட்டால் இரைப்பை விஷயத்தில் மிகவும் பயனுள்ள ஆய்வு இதுதான்.

ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் எல்.சி.ஐ. (லிங்க்ட் கலர் இமேஜிங்) வேறு வழியில் போகிறது. அது வெளிச்சத்தை அதிகம் குறைக்காமல், சிவப்பை இன்னும் சிவப்பாகவும் வெளிறியதை இன்னும் வெளிறியதாகவும் பிரித்துக் காட்டும். ஜப்பானில் 19 மருத்துவமனைகளில் 1,502 பேரிடம் நடந்த ஆய்வில், தொண்டை முதல் இரைப்பை வரையிலான புற்றுத் திசுக்கள் முதல் பார்வையிலேயே எல்.சி.ஐ.யில் 8.0 சதவிகிதம் பேரிடமும் வெள்ளை வெளிச்சத்தில் 4.8 சதவிகிதம் பேரிடமும் பிடிபட்டன. இங்கேயும் ஆய்வுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே உணவுப்பாதைப் புற்று இருந்தவர்கள் அல்லது இருப்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கே: எண்டோஸ்கோபி கற்றுக்கொண்டிருக்கிறேன். ஜூம் செய்தால் படம் ஒரு நொடி தெளிகிறது, மறு நொடி கலங்குகிறது. கொஞ்சம் பட்டாலே ரத்தம் வேறு வந்துவிடுகிறது.
– பயிற்சி மருத்துவர், கோவை

ப: முனையில் கறுப்பு ரப்பர்த் தொப்பி மாட்டியிருக்கிறீர்களா? முழு ஜூமில் ஃபோகஸ் ஏறக்குறைய 2 மி.மீ. தூரத்தில்தான் விழும். மூச்சும் இதயத்துடிப்பும் அந்த இடைவெளியை ஆட்டிக்கொண்டே இருக்கும். தொப்பியின் விளிம்பைச் சவ்வில் மெல்லச் சாய்த்தால்தான் இடைவெளி நிலைக்கும். குழாயை உள்ளே விடுவதற்கு முன்பே முழு ஜூமில் வைத்து, விளிம்பு தொடும் தூரத்தில் படம் தெளிவாக இருக்கும்வரை தொப்பியை முன்பின் நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள். உள்ளே போனபின் அதைத் திருத்த முடியாது.

ஒலிம்பஸ் கருவியில் இரைப்பைக்கு அமைப்பு மேம்பாடு (படத்தின் நுணுக்கங்களைக் கூர்மையாக்கும் தேர்வு) பி-8, நிற முறை 1 வையுங்கள். பெருங்குடலுக்கு நிற முறை 3.

புண்ணைக் கண்டதும் நேராக அதன் நடுவில் போய் ஜூம் செய்வதுதான் பலர் செய்யும் தவறு. தண்ணீரைப் புண்மேல் நேராகப் பீய்ச்சாமல் பக்கத்தில் விட்டு வழிந்தோடக் கழுவுங்கள். குறைந்த ஜூமில், புண்ணுக்கு வெளியே நல்ல சவ்விலிருந்து தொடங்கி எல்லையைத் தாண்டி உள்ளே வாருங்கள். கீழ்ப்பக்க ஓரத்தை முதலில் முடித்துவிடுங்கள். மேல்பக்கத்தில் பட்டுக் கசிந்தால் ரத்தம் கீழே வழிந்து மிச்சத்தை மூடிவிடும். இந்த வெளிச்சத்தில் ரத்தம் கருந்திரை, அதன் அடியில் ஒன்றும் தெரியாது. பயாப்ஸி (சோதனைக்குத் திசு கிள்ளி எடுப்பது) கடைசியில்தான். பளபளப்பு கண்ணைக் கூசினால் அந்த இடத்தில் தண்ணீர் நிரப்பி, தண்ணீருக்குள்ளிருந்தே பாருங்கள்.

பார்க்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். நல்ல சவ்வுக்கும் புண்ணுக்கும் நடுவே தெளிவான எல்லைக்கோடு இருக்கிறதா? இல்லையென்றால் பெரும்பாலும் புற்று இல்லை. இருக்கிறது என்றால், கோட்டுக்கு உள்ளே நுண்குழாய்களோ மேற்பரப்பு வடிவமோ தாறுமாறாக இருக்கின்றனவா? இருந்தால் புற்று. ஜப்பானியச் சங்கங்கள் 2016-இல் தந்த எளிய வழிமுறையின் சாரம் இதுதான்.

இரண்டு இடங்களில் இது காலை வாரும். வெளிறிக் கிடக்கும் பரவல் வகைப் புற்று நல்ல மேற்தோலுக்கு அடியில் ஊர்ந்து பரவுவதால் எல்லைக்கோடே தெரியாமல் போகலாம். வெளிறிய திட்டு என்றால் என்.பி.ஐ. என்ன சொன்னாலும் பயாப்ஸி எடுத்துவிடுங்கள். எச். பைலோரிக்கு மருந்து கொடுத்து ஒழித்த இரைப்பையிலும் கவனம் தேவை, அங்கே நல்ல செல்கள் புற்றின்மேல் படர்ந்து வெறும் அழற்சி போல ஏமாற்றும்.

கே: எண்டோஸ்கோபி அறையில் வேலை. டாக்டர் 'நுரை, நுரை' என்று கத்திக்கொண்டே இருக்கிறார். முன்கூட்டியே என்ன கொடுக்கலாம்?
– செவிலியர், மதுரை

ப: கத்துவதில் நியாயம் இருக்கிறது. 5 மி.மீ. புற்றை ஒரு நுரைக்குமிழி மறைத்துவிடும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியானாலும் சளிக்கு அடியில் இருப்பதை அது காட்டாது.

ஜப்பானில் வழக்கமான கலவை 100 மி.லி. தண்ணீரில் 20,000 யூனிட் புரோனேஸ், 1 கிராம் சோடியம் பைகார்பனேட், அதோடு நுரை அடக்கும் டைமெத்திகோன். புரோனேஸ் சளியைக் கரைக்கும் என்சைம். இரைப்பை அமிலத்தில் அது செயலிழந்துவிடும் என்பதால்தான் பைகார்பனேட். புரோனேஸ் கிடைக்காத இடங்களில் சளிக்கு அசிட்டைல்சிஸ்டீனும் நுரைக்கு சிமெத்திகோனும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அளவை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் படுக்கையில் ஏற்றும் நிமிடத்தில் கொடுத்துப் பயனில்லை, கலவை வேலை செய்யக் கால் மணி நேரமாவது வேண்டும்.

கே: ஐந்தே நிமிடத்தில் எண்டோஸ்கோபியை முடித்துவிட்டார்கள். அது கெட்டிக்காரத்தனமா, அவசரமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: பொதுவாக அவசரம் என்றே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 மருத்துவர்களை ஒப்பிட்டார்கள். சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்கள், வேகமாக முடித்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அபாயப் புண்களைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் இரைப்பைக்கு மட்டும் வரிசைப்படி 22 படங்கள் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அந்த 22 இடங்களையும் படமெடுத்தாக வேண்டும் என்றால் எந்த மூலையையும் தாண்டிப் போக முடியாது. அதில் படத்தைவிட வரிசைதான் முக்கியம்.

கே: அயோடின் தெளித்துப் பார்த்தபின் இரண்டு நாள் நெஞ்செரிச்சல். இந்தக் காலத்திலும் அயோடின் எதற்கு?
– வாசகர், சேலம்

ப: எரிச்சல் உண்மைதான். முடித்தபின் சோடியம் தயோசல்பேட் கரைசல் தெளித்து, மிச்சத் திரவத்தை உறிஞ்சி எடுத்தால் வெகுவாகக் குறையும். சில இடங்களில் இந்த ஒரு வேலையை விட்டுவிடுகிறார்கள். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உணவுக்குழாயின் நல்ல செல்களில் கிளைகோஜன் இருப்பதால் அயோடின் பட்டதும் அவை கரும்பழுப்பாகும். புற்றுச் செல்களில் அது தீர்ந்துபோயிருக்கும், அதனால் நிறம் ஏறாது. நிறம் ஏறாத திட்டெல்லாம் புற்று இல்லை, அழற்சியும் அப்படித்தான் தெரியும். அதனால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தத் திட்டு இளஞ்சிவப்பாக மாறினால் சந்தேகம் வலுக்கிறது. அதையே என்.பி.ஐ.யில் பார்த்தால் வெள்ளி போல மின்னும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் எல்லாத் திட்டிலும் பயாப்ஸி எடுப்பது வீண் வேலை.

பழைய முறை என்று தள்ளாதீர்கள். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் சிசியான் என்ற ஊரகப் பகுதியில் ஒரே ஒரு தடவை அயோடின் எண்டோஸ்கோபி செய்த கிராமங்களையும் செய்யாத கிராமங்களையும் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். உணவுக்குழாய்ப் புற்றால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 3.35 சதவிகிதம், இரண்டாவதில் 5.05 சதவிகிதம். 2015-இல் வந்த இந்த முடிவு சாவையே அளந்தது. மேலே சொன்ன ஒளி ஆய்வுகள் எல்லாம் எத்தனை புண் கிடைத்தது, அதைச் சரியாக இனம் பிரித்தார்களா என்பதோடு நின்றுவிட்டன.

கே: கொலோனோஸ்கோபியில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதாமே? இனி மருத்துவரின் கண் தவறினாலும் பரவாயில்லையா?
– வாசகர், புதுச்சேரி

ப: திரையில் பாலிப் (குடல் சவ்வில் வளரும் சிறு சதை முளை) தெரிந்தால் கணினி அதைச் சுற்றிக் கட்டம் போடும், அவ்வளவுதான். மடிப்புக்குப் பின்னால் இருப்பதை மருத்துவர் திரைக்குக் கொண்டுவரவில்லை என்றால் அதற்கும் தெரியாது.

பலன் இருக்கிறது. சீனாவின் சிச்சுவானில் 1,058 பேரிடம் நடந்த ஆய்வில் அடினோமா (பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வகை) பாலிப் கண்டறியப்பட்டோர் 20.3 சதவிகிதத்திலிருந்து 29.1 சதவிகிதமானார்கள். இத்தாலியில் 685 பேரிடம் 40.4-லிருந்து 54.8. ஆனால் சீன ஆய்வில் கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் 5 மி.மீ.க்கு உட்பட்ட பொடிகள்தான், பெரிய அடினோமாக்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. பொடிகளில் பல புற்றாகவே மாறாதவை.

2025-இல் போலந்திலிருந்து ஒரு சங்கடமான செய்தியும் வந்தது. நான்கு மையங்களில் கணினி உதவிக்குப் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கண்டறியும் விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவிகிதமாக இறங்கியிருந்தது. குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்பதால் முழுப் பழியையும் கணினிமேல் போட முடியாது. ஆனாலும் கால்குலேட்டர் வந்தபின் வாய்ப்பாடு மறந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

கே: குழாயே வேண்டாம், கேப்சூல் கேமராவை விழுங்கினால் போதாதா?
– வாசகி, கடலூர்

ப: சிறுகுடலுக்கு அருமையான கருவி. ஆனால் கேப்சூலால் கழுவவோ ஜூம் செய்து நிற்கவோ பயாப்ஸி எடுக்கவோ முடியாது. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கடைசியில் குழாய்தான் போக வேண்டும்.

கே: வெளிச்சத்திலேயே இனம் தெரிந்துவிடும் என்றால், எடுத்த பாலிப்பை லேபுக்கு அனுப்பி ஏன் செலவு வைக்கிறார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

ப: 5 மி.மீ.க்கு உட்பட்ட பாலிப்பை எடுத்துவிட்டு, லேபுக்கு அனுப்பாமல் குப்பையில் போடலாமா என்று பல வருடங்களாகவே யோசிக்கிறார்கள். அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் 2011-இல் அதற்கு ஒரு வரம்பு வைத்தது. அடுத்த பரிசோதனை எப்போது என்று கண்ணால் சொன்னதும் லேப் முடிவை வைத்துச் சொன்னதும் 90 சதவிகிதமாவது ஒத்துப்போக வேண்டும். தேர்ந்த சில மையங்கள் அந்த வரம்பை எட்டின. பிரிட்டனில் சாதாரண மருத்துவமனைகளில் சோதித்தபோது அடினோமாவைச் சரியாகச் சொன்னது சுமார் 83 சதவிகிதம்தான். நிபுணர் கையில் வந்த பலன் எல்லார் கையிலும் வரவில்லை.

பாலிப் பெரிதாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரிதாக்கிய என்.பி.ஐ.யில் தெரியும் வடிவத்தை வைத்துப் பாலிப்பை இனம் பிரிக்கும் ஜப்பானியர்களின் ஜேநெட் வகைப்பாட்டில் 2பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. மேலோட்டமான புற்றும் அதில் வரும், ஆழமாக இறங்கியதும் சில சமயம் அதில் ஒளிந்திருக்கும். அப்போது கிரிஸ்டல் வயலெட் சாயம் போட்டு மீண்டும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். எண்டோஸ்கோபியிலேயே அகற்றலாமா, அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதா என்ற முடிவு அதில் தொங்குகிறது. அகற்றிய துண்டை நோய்க்கூற்றியல் மருத்துவர் 2 மி.மீ. அகலக் கீற்றுகளாக நறுக்கி, புற்று எத்தனை மைக்ரான் இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார். பெருங்குடலில் 1,000 மைக்ரானுக்கு (1 மி.மீ.) மேல் இறங்கியிருந்தால் குடலின் அந்தப் பகுதியை நிணநீர்க் கணுக்களோடு எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். நீங்கள் லேபுக்குக் கட்டும் பணம் அந்த அளவுக்காகத்தான்.